எலும்பு மஜ்ஜை நோய்: ரிப்போர்ட் எண் ஆயுளின் கணக்கல்ல



மருத்துவ உதவி கேட்டு வரும் குடும்பங்களின் ரிப்போர்ட்டில் 'மல்டிபிள் மைலோமா' என்றிருந்தால், அவர்கள் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வி, "இன்னும் எத்தனை நாள்?" என்பதுதான். மருத்துவர்கள் இதை எப்படிக் கணிக்கிறார்கள் என்பதைச் சுருக்கமாகத் தருகிறோம்.

நம் இரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. நோய் எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் அங்கே கட்டுப்பாடின்றிப் பெருகுவதே மைலோமா. இரத்தசோகை, தீராத முதுகுவலி, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். பெருகும் செல்களுக்கு உணவும் ஆக்ஸிஜனும் வேண்டும். அதற்காக அவை வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து, புதிய நுண் இரத்தக் குழாய்களை வளரச் செய்கின்றன.

புற்றுநோய்க் கட்டிகள் புதுக் குழாய்களை நம்பியே வளர்கின்றன என்று 1971-ல் அமெரிக்க மருத்துவர் ஜூடா ஃபோக்மன் எழுதினார். மஜ்ஜையில் இக்குழாய்கள் நெருக்கமாக உள்ளவர்களுக்கு மைலோமா பொதுவாகத் தீவிரமாக இருப்பது பின்னர் தெரிந்தது.

'பொதுவாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். அது பலரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. தனி ஒருவரின் ஆயுளை அது சொல்லாது. நோயின் கட்டத்தைக் கணிக்க இன்று பார்ப்பவை பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், அல்புமின், எல்.டி.எச். ஆகிய இரத்தப் பரிசோதனைகளும், நோய்ச் செல்களின் மரபணுப் பரிசோதனையும்தான். வி.இ.ஜி.எஃப். அந்தப் பட்டியலில் இல்லை. மருத்துவர் எழுதித் தராமல் அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

இந்த ஆராய்ச்சி ஒரு பழைய மருந்துக்குப் புது வழி காட்டியது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்குக் கொடுக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறையுடன் பிறந்ததால் 1961-ல் திரும்பப் பெறப்பட்டது தாலிடோமைடு. குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் என்பதால், மற்ற சிகிச்சைகளுக்கு அடங்காத 84 மைலோமா நோயாளிகளுக்கு அமெரிக்காவின் ஆர்கன்சாவில் அதைக் கொடுத்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பலன் கிடைத்தது. முடிவுகள் 1999-ல் வெளியாயின. இன்று அதுவும், அதன் இனத்தைச் சேர்ந்த லெனாலிடோமைடும் பயன்பாட்டில் உள்ளன.

இம்மருந்து உள்ள வீட்டில் மூன்று விஷயங்களில் கவனம் தேவை:

1. கர்ப்பிணிகளும் கர்ப்பம் தரிக்கக்கூடிய பெண்களும் மாத்திரையைக் கையாள வேண்டாம்.
2. மீந்த மாத்திரையை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.
3. கால் வீக்கமோ திடீர் மூச்சுத்திணறலோ வந்தால் இரத்தம் உறைந்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நோய்க்கு மருந்து தேடச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். ஆயுளை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. ரிப்போர்ட்டில் உள்ள ஓர் எண்ணைப் பார்த்து மனம் தளர்ந்து சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். செலவு தடையாக இருந்தால் ரிப்போர்ட்டுடன் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், இயன்றதைச் செய்வோம். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன்.