ஆறாத புண்ணும் செந்நிற ஒளியும்

மார்பின் தோலுக்கடியில் பேஸ்மேக்கர் கருவியைத் தாங்கி வாழ்வோர் இன்று நம் பங்குகளிலும் உளர். 1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்னே லார்சன் என்பவருக்கு முதன்முதலாக அது உடலினுள் பொருத்தப்பட்டது. இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டு, அவர் 2001 வரை வாழ்ந்தார்!

எனினும், சிலருக்குக் கருவி வைத்த இடத்தில் கிருமி புகுந்துவிடுகிறது. தோல் சிவந்து வீங்கும், சீழ் கசியும், தோல் மெலிந்து கருவியே வெளியில் தெரிவதும் உண்டு. காய்ச்சலின்றியும் இது நேரலாம். அவ்வேளையில், "லேசர் ஒளி காட்டினால் புண் ஆறிவிடுமாமே, கருவியை ஏன் எடுக்கவேண்டும்?" என வினவும் குடும்பங்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

ஒளி மருந்தாவது கட்டுக்கதையன்று. தோல் காசநோய்க்கு ஒளிச் சிகிச்சை அளித்த டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன் 1903-இல் நோபல் பரிசு பெற்றார். 1967-இல் ஹங்கேரி மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், மயிர் மழித்த எலிகள்மீது மெல்லிய லேசர் ஒளியைப் பாய்ச்சினார். ஒளி பட்டவற்றுக்கு மயிர் விரைந்து முளைத்தது. பின்னர் ஆறாத புண்களிலும் அதனைப் பயன்படுத்தினார். செந்நிற ஒளியும் அகச்சிவப்பு ஒளியும், தசையைச் சுடாமலே, உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவைத் தூண்டுகின்றன என்பர் அறிஞர். புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க இம்முறை ஏற்கப்பட்டுள்ளது. பேஸ்மேக்கர்ப் புண்ணிலோ சான்றுகள் மிகச் சிலவே.

காரணம் உண்டு. கிருமிகள் கருவியின்மீதும் கம்பிகளின்மீதும் வழவழப்பான படலம் அமைத்து அதனுள் பதுங்குகின்றன. மருந்தே எளிதில் புகாத இடத்தில், மேலே காட்டும் ஒளி என்செய்யும்? தோல் மூடிக்கொள்ள, உள்ளே நஞ்சு தங்கும்; இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே கேடு. ஆகவே கருவியையும் இதயம்வரை செல்லும் கம்பிகளையும் முழுவதும் அகற்றுவதே மருத்துவ விதி. வீக்கத்தில் ஊசி குத்திச் சீழ் எடுக்க எவரையும் விடலாகாது. பல்லாண்டுக் கம்பிகள் இரத்தக்குழாயோடு ஒட்டியிருக்குமாதலால், கைதேர்ந்த மருத்துவர் உள்ள பெரிய மருத்துவமனையையே நாடவேண்டும். கிருமிக்கொல்லி மருந்து ஏறத்தாழ இரண்டு வாரம் தேவைப்படும். இரத்தத்தில் கிருமி இருப்பின் இன்னும் நீளும். புதிய கருவி பெரும்பாலும் மார்பின் மறுபுறத்தில் வைக்கப்படும். இவ்வளவும் முடிந்தபின் புண் மூடத் தயங்கினால், மருத்துவர் விரும்பின் ஒளியைத் துணையாகச் சேர்க்கட்டும். கடையில் விற்கும் சிவப்பு விளக்கை வீட்டில் வைத்து நாளைப் போக்குவதை நாம் ஏற்கமாட்டோம்.

பங்குத் தந்தைக்கும் சொல்லியனுப்புங்கள். நோயிற்பூசுதல் இறக்கும் வேளைக்கு மட்டுமே உரியதென இன்னும் சில இல்லங்களில் அஞ்சுகின்றனர். 1972-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் புதுப்பித்த சடங்குமுறை, கடும் நோய்க்கான அறுவைக்கு முன்னரே அதனைப் பெற இடமளிக்கிறது. மருத்துவமனைக்குப் புறப்படுமுன் வீட்டிலேயே, குடும்பத்தார் சூழ, பெற்றுக்கொள்ளலாம்.