கதிரவன் அடுப்பு

ஆனி, ஆடித் திங்கள்களில் திருக்குற்றாலத்திற்குச் செல்வோர் அங்கு வெயிலைக் காண்பது அரிது. தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தழுவி வரும். சாரல் இடையறாது தூவும். பேரருவியும் ஐந்தருவியும் ஆர்த்து வீழும். அந்நீரில் நனைந்து நடுங்குவோரிடம், "இவ்வருவியை ஆக்கியது வெயிலே" என்று கூறினால் நகைப்பர். எனினும் அஃது உண்மையே. கடல் நீரை ஆவியாக்கி விண்ணில் ஏற்றியது கதிரவனின் வெப்பம். அம்முகிலைச் சுமந்து வந்த காற்றை இயக்கியதும் அவ்வெப்பமே. அம்மலையில் ஓங்கி நிற்கும் மரங்களும் கதிரொளியைக் கொண்டே உணவு ஆக்கி வளர்ந்தன. ஆகவே, நாம் அடுப்பில் இடும் விறகு பல்லாண்டுகளாகச் சேர்த்து வைக்கப்பட்ட வெயில் என்றே கூறலாம்.

பல்லாண்டுகள் சேர்த்த அச்செல்வத்தை ஒரு வேளைச் சமையலில் எரித்துவிடுகிறோம். விறகுக்காக மலைச்சரிவுகள் வெறுமையாகுமாயின், மழைநீரைத் தேக்கி வைத்துச் சிறிது சிறிதாக ஓடவிடும் ஆற்றலை அவை இழக்கும், அருவியும் மெலியும். விறகுப் புகையோ, நாள்தோறும் அடுப்படியில் அமரும் தாய்மாரின் கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும். மரத்தின் வழியாகப் பெறும் வெயிலை நேராகவே பெற்றுச் சமைக்கலாகாதா? இவ்வினாவிற்கு விடையாக அமைந்ததே கதிரவன் அடுப்பு.

வெயிலைப் பயன்கொள்வது நமக்குப் புதிதன்று. நெல்லை உலர்த்துகிறோம், வடகமும் அப்பளமும் இட்டுக் காய வைக்கிறோம். ஆனால் திறந்த வெளியில் விழும் வெப்பத்தைக் காற்று உடனுக்குடன் கொண்டு செல்கிறது. அதனைச் சிறைப்படுத்தினாலன்றிச் சோறு வேகாது.

அவ்வாறு சிறைப்படுத்த முயன்றோருள் முதல்வராகப் போற்றப்படுபவர் ஜெனிவா நகரத்து அறிஞர் ஹொராஸ் டி சோசூர் என்பார். அவர் 1767-ஆம் ஆண்டில் கண்ணாடிப் பெட்டிகளை ஒன்றினுள் ஒன்றாக அமைத்து வெயிலில் வைத்து, உள்ளே ஏறிய வெப்பத்தை அளந்தார். பின்னர் அத்தகைய பெட்டியொன்றை மலையுச்சிக்குக் கொண்டு சென்றார். அங்குக் காற்று குளிர்ந்திருந்தும், பெட்டியினுள் வெப்பம் சமவெளியில் இருந்த அளவுக்கு ஏறத்தாழ நிகராகவே ஏறியது. வெப்பத்தைத் தருவது சூழ்ந்துள்ள காற்றன்று, நேரே விழும் கதிர்களே என்பது அதனால் புலனாயிற்று.

நம் நாட்டில் 1878-ஆம் ஆண்டில், பம்பாயில் வாழ்ந்த வில்லியம் ஆடம்ஸ் என்னும் ஆங்கிலேயர், கண்ணாடிகளை எண்கோணமாக அமைத்து அடுப்பொன்று செய்தார். ஏழு போர்வீரர்க்குரிய உணவினை இரண்டு மணி நேரத்தில் அதில் சமைத்துக் காட்டினார். புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில், 15 மீட்டர் குறுக்களவுள்ள மாபெரும் ஆடிக்கிண்ணம் ஒன்று சமையற்கூடத்தின் மாடியில் அமைக்கப்பட்டுள்ளது. அது கதிர்களைக் குவித்து நீரை ஆவியாக்கும். அந்நீராவியால் உணவு வேகும்.

நாம் வீட்டில் செய்யத்தக்கது எளிய பெட்டி அடுப்பாகும். அது மூன்று நெறிகளால் இயங்குகிறது. கறுப்பு நிறம் ஒளியை விழுங்கி வெப்பமாக மாற்றும். கண்ணாடி, ஒளியை உள்ளே விடும். சூடேறிய பொருளிலிருந்து எழும் வெப்பக்கதிர்களை வெளியே விடாது. மூடிய பேருந்து வெயிலில் நின்றால் உள்ளே புழுங்குவது இதனாலன்றோ? உமி, தேங்காய் நார் போன்றவை இடையிடையே காற்றை அடக்கி வைத்திருப்பதால் வெப்பத்தை எளிதில் கடத்தா.

இனிச் செய்முறையைக் காண்போம். 60 சென்டிமீட்டர் சதுரமும் 23 சென்டிமீட்டர் உயரமும் உள்ள மரப்பெட்டி ஒன்று வேண்டும். அதனுள் 45 சென்டிமீட்டர் சதுரமும் 15 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள தகரப்பெட்டியை அமைத்து, இரண்டிற்கும் இடையே நாற்புறமும் அடியிலும் உலர்ந்த உமியை நிரப்புக. தகரப்பெட்டியின் உட்புறம் முழுதும் பளபளப்பற்ற கறுப்பு வண்ணம் பூசுக. அதன் வாயை, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்ட இரண்டு கண்ணாடிகளால் மூடுக. மரப்பெட்டியின் ஒரு பக்கத்தில் முகம் பார்க்கும் ஆடி பதித்த மூடியைக் கீல் வைத்துப் பொருத்துக. அதனைச் சாய்த்து நிறுத்தினால், வெளியே செல்லும் கதிர்களும் உள்ளே திரும்பும். வண்ணத்தின் மணம் நீங்க, வெறும் பெட்டியை இரண்டு நாள் வெயிலில் காய வைத்தல் வேண்டும்.

தென்காசியில் ஒரு பங்குனித் திங்களில் மாணவர் சிலருடன் யானும் இவ்வடுப்பைச் செய்து பார்த்தேன். முதல் நாள் அரிசி அரைவேக்காடாகவே நின்றது. மாணவர் முகம் வாடினர். ஆராய்ந்தபோது, கண்ணாடியின் ஓரத்தில் இருந்த மெல்லிய இடுக்கின் வழியே சூடான காற்று கசிந்தமை தெரிந்தது. மேலும், "வெந்ததா, வெந்ததா?" என்று அடிக்கடி திறந்து பார்த்ததும் குற்றமே. மறுநாள் இடுக்கினைத் துணிப்பட்டையால் அடைத்தோம். காலை பத்து மணிக்கு வைத்த சோறும் பருப்பும் நண்பகல் கடந்து ஒரு மணிக்கு நன்கு வெந்திருந்தன. புகையில்லை; அடிப்பிடிக்கவில்லை; கிளறுவாரும் வேண்டியிருக்கவில்லை.

இவ்வடுப்பு ஏன் மெல்லச் சமைக்கிறது? தெளிந்த நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட் ஆற்றலைத் தரும். நம் பெட்டியின் வாய் அதில் ஐந்தில் ஒரு பங்கே. ஆகவே 200 வாட் அளவே நேராகக் கிடைக்கும். ஆடி அதனைச் சிறிது மிகுவிக்கும். இச்சிறு ஆற்றலைச் சிதறாமல் காப்பதனால்தான் உள்ளே வெப்பம் 100 பாகை செல்சியஸுக்கு மேலும் உயர்கிறது. கறுப்புப் பூசிய மெல்லிய பாத்திரங்களை மூடி வைத்தலும், நீரைக் குறைத்து வார்த்தலும், ஒரு மணிக்கு ஒருமுறை பெட்டியைக் கதிரவன்பால் திருப்புதலும் நலம். பாத்திரத்தை வெறுங்கையால் தொடலாகாது. ஆடியின் ஒளியை உற்று நோக்கலும் ஆகாது.

தென்காசி நில நடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் உள்ளது. ஆதலின் சித்திரை பிறக்கும் நாளையொட்டி, நண்பகல் கடந்து 12 மணி 20 நிமிட அளவில், கதிரவன் நம் உச்சிக்கு ஏறத்தாழ நேராக நிற்பான். நம் நிழல் நம் காலடியிலேயே ஒடுங்கும். அந்நாள்களில் இவ்வடுப்பு மிகச் சிறப்பாக இயங்கும்.

இதன் குறைகளையும் மறைத்தல் தகாது. தோசை வார்க்கவும் தாளிக்கவும் இது பயன்படாது. இரவு உணவை இதில் ஆக்க இயலாது. வெயில் சாய்ந்தபின் உணவைப் பெட்டியிலேயே நெடுநேரம் விட்டு வைத்தால் அது கெடும். சாரற் காலத்திலோ பெட்டி வாளா கிடக்கும். அப்போது பழைய அடுப்பே துணை. ஆயினும் வானம் தெளிந்த நாள்களில் ஒரு வேளை உணவையேனும் இதில் ஆக்கினால், அவ்வளவு விறகு மிஞ்சும். அவ்வளவு புகை குறையும்.

மாணவர்களே! சாரற் காலத்தில் கதிரவன் நமக்கு அருவியாகப் பயன்படுகிறான். வெயிற்காலத்தில் அடுப்பாகவும் பயன்பட ஒருப்படுகிறான். காலமறிந்து அவன் உதவியைக் கொள்ளுதல் அறிவுடையார் செயல். நாம் வெட்டாது விட்ட மரம், அடுத்த ஆனித் திங்களில் அருவிக்கு நீர் தேக்கித் தரும் என்பதை நினைவிற் கொள்க.