தோலுக்குள்ளே மூன்று அடுக்கு

ஏரவாடா என்றதும் சிறைச்சாலைதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். 1932இல் காந்தியடிகள் அங்கே இருந்தபோது பர்ச்சுரே சாஸ்திரி என்ற சமஸ்கிருதப் பண்டிதரும் கைதியாக இருந்தார். தொழுநோய் கண்டவர் என்பதால் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிற்பாடு, 1939இல் அவர் சேவாகிராமத்துக்கு வந்தார். காந்தி தம் கையாலேயே அவருக்கு உடம்பு பிடித்துவிட்டார். தொட்டால் ஒட்டாதா என்று நம் தமிழ் அன்பர்கள் கேட்பதுண்டு. அதற்குத் தோலின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

தோல் மூன்று அடுக்கு. மேலே இருப்பது மேல்தோல். இதில் பெரும்பாலானவை கெரட்டினோசைட் செல்கள். அடிவரிசையில் பிறந்து, மெல்ல மேலேறி, செத்துச் செதிலாக உதிர ஏறக்குறைய 4 வாரம் ஆகும். நடுநடுவே நிறம் தரும் மெலனோசைட், காவல் காக்கும் லாங்கர்ஹான்ஸ் செல், தொடு உணர்வுக்கு உதவும் மெர்க்கெல் செல் இருக்கின்றன. கறுப்போ சிவப்போ, மெலனோசைட் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். அவை ஆக்கும் நிறமியில்தான் வித்தியாசம்.

அடுத்தது உள்தோல். கொலாஜன் நாரை நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட், ரத்தக் குழாய், வியர்வைச் சுரப்பி, நரம்பு எல்லாம் இங்கேதான். அதற்கும் கீழே கொழுப்பு அடுக்கு, நம்ம உடம்புக்கு மெத்தை மாதிரி.

1873இல் ஹான்சன் கண்டறிந்த தொழுநோய்க் கிருமி குடியிருப்பது முக்கியமாக உள்தோலில். அங்குள்ள விழுங்கு செல்களிலும், நரம்பைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களிலும் புகுந்துகொள்கிறது. நரம்பு கெடுவதால் தேமலில் உணர்ச்சி போகிறது, சுட்டாலும் தெரியாது. கிருமி பரவுவது பெரும்பாலும் சிகிச்சை பெறாதவரின் மூக்கு, வாய்த் துளிகளால், அதுவும் நெடுநாள் நெருங்கிப் பழகினால்தான். கை குலுக்குவதாலோ, பக்கத்தில் உட்காருவதாலோ வராது. பெரும்பாலோர் உடம்புக்கு அதை எதிர்க்கும் சக்தியும் இயல்பாகவே உண்டு.

சாஸ்திரியார் காலத்தில் சரியான மருந்து இல்லை. 1982 முதல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைக்கிறது. 6 அல்லது 12 மாதத்தில் குணமாகும். அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் செத்துப்போன நரம்பை மருந்து திருப்பித் தராது. ஆகவே வெளிறிய அல்லது சிவந்த படை ஒன்று அரிக்காமல், வலிக்காமல், மரத்துப்போய் இருந்தால், "தேமல்தானே" என்று விட்டுவிடாதீர்கள். கூச்சப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.