தி அவெஞ்சர்ஸ் (பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடர்): வீடியோ, டிவிடி, புளூ-ரே வெளியீடுகள்

தி அவெஞ்சர்ஸ் என்பது 1961 முதல் 1969 வரை பிரித்தானியாவின் ஐடிவி வலையமைப்பில் ஒளிபரப்பான உளவுத் துப்பறியும் தொடர் ஆகும். அசோசியேட்டட் பிரிட்டிஷ் கார்ப்பரேஷன் (ஏபிசி) என்ற தொலைக்காட்சி நிறுவனம் இதைத் தயாரித்தது. வட்டத் தொப்பியும் குடையுமாக வரும் ஜான் ஸ்டீட் என்ற உளவாளியாக பேட்ரிக் மெக்னி நடித்தார். ஆறு பருவங்களில் 161 அத்தியாயங்கள் ஒளிபரப்பாயின. அவற்றுள் 138 அத்தியாயங்களே இன்று முழுமையாகக் கிடைக்கின்றன. வீடியோ கேசட், டிவிடி, புளூ-ரே ஆகிய வடிவங்களில் வெளிவந்தவை இவையே.

மார்வல் நிறுவனத்தின் அவெஞ்சர்ஸ் திரைப்படங்களுக்கும் இத்தொடருக்கும் தொடர்பு இல்லை. ஆயினும், பிரித்தானியாவில் இத்தொடரோடு குழப்பம் ஏற்படாதிருக்க, 2012ஆம் ஆண்டு மார்வல் திரைப்படம் அங்கு அவெஞ்சர்ஸ் அசெம்பிள் என்ற பெயரில் திரையிடப்பட்டது.

பதிவு முறைகளும் எஞ்சியவையும்

ஒவ்வொரு பருவமும் எதில் பதிவு செய்யப்பட்டது என்பதே, அது பின்னாளில் வீட்டுத் திரைக்கு எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்பதைத் தீர்மானித்தது.

- முதல் பருவம் (1961): 26 அத்தியாயங்கள். நேரலையாகவும் காணொளி நாடாவிலும் தயாரிக்கப்பட்டது. முழுமையாக எஞ்சியவை மூன்று. ஓர் அத்தியாயத்தின் தொடக்கப் பகுதி மட்டும் உள்ளது.
- இரண்டாம், மூன்றாம் பருவங்கள் (1962–1964): 52 அத்தியாயங்கள். காணொளி நாடாவில் தயாரிக்கப்பட்டவை. அனைத்தும் 16 மி.மீ. படச்சுருள் நகல்களாக எஞ்சியுள்ளன.
- நான்காம் பருவம் (1965–1966): 26 அத்தியாயங்கள். 35 மி.மீ. கறுப்பு வெள்ளைப் படச்சுருள்.
- ஐந்தாம் பருவம் (1967): 24 அத்தியாயங்கள். 35 மி.மீ. வண்ணப் படச்சுருள்.
- ஆறாம் பருவம் (1968–1969): 33 அத்தியாயங்கள். 35 மி.மீ. வண்ணப் படச்சுருள்.

1960களின் தொடக்கத்தில் காணொளி நாடா இரண்டு அங்குல அகலம் கொண்டதாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்தது. ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் அதே நாடாவை அழித்து வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்வது பிரித்தானியத் தொலைக்காட்சி நிறுவனங்களில் வழக்கமாக இருந்தது. நிகழ்ச்சியை மக்கள் ஒருநாள் விலை கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் அன்று எவருக்கும் இல்லை. மறுஒளிபரப்புக்கான வாய்ப்பும் குறைவாகவே இருந்தது. நேரலையாகச் சென்று, நகல் எடுக்கப்படாத நிகழ்ச்சிகள் ஒளிபரப்போடு மறைந்தன.

காணொளி நாடாவில் இருந்ததை வெளிநாட்டு விற்பனைக்காகப் படச்சுருளுக்கு மாற்றும் முறை டெலிரெக்கார்டிங் எனப்பட்டது. திரையில் ஓடும் காட்சியை ஒரு படச்சுருள் கேமரா கொண்டு மறுபடியும் படம் பிடிப்பதே இம்முறை. இதில் படத்தின் கூர்மை குறையும். ஓரங்கள் சற்று வெட்டுப்படும். காணொளி நாடாவுக்கே உரிய சீரான அசைவும் போய்விடும். ஆனால் மூல நாடாக்கள் அழிந்த பின்பும் நிகழ்ச்சிகள் எஞ்சியது இந்த நகல்களால்தான்.

தொலைந்த முதல் பருவம்

தொடரின் முதல் அத்தியாயமான ஹாட் ஸ்னோ 1961 ஜனவரி 7 அன்று ஒளிபரப்பானது. டாக்டர் டேவிட் கீல் (இயான் ஹென்றி) மணக்கவிருந்த பெண்ணைப் போதைப்பொருள் கும்பல் சுட்டுக் கொல்கிறது. அதற்குப் பழி வாங்க அவர் முற்படும்போது ஸ்டீட் அவருக்குத் துணையாக வருகிறார். 'பழி வாங்குவோர்' என்ற பொருளுடைய தொடரின் பெயர் இக்கதையிலிருந்தே பொருள் பெறுகிறது.

இந்த அத்தியாயத்தில் எஞ்சியிருப்பது தொடக்கப் பகுதி மட்டுமே. அப்பகுதியில் ஸ்டீட் தோன்றுவதில்லை. தொடர் முழுவதும் நாயகனாக விளங்கிய பாத்திரத்தின் முதல் வருகை எந்த வெளியீட்டிலும் இடம்பெறாததற்கு இதுவே காரணம்.

நீண்ட காலமாக, தி ஃப்ரைட்டனர்ஸ் என்ற ஒரே அத்தியாயம்தான் முதல் பருவத்திலிருந்து முழுமையாகக் கிடைத்து வந்தது. 2000களின் தொடக்கத்தில் கேர்ள் ஆன் தி ட்ரபீஸ் அத்தியாயமும் ஹாட் ஸ்னோவின் தொடக்கப் பகுதியும் அமெரிக்காவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த திரைப்பட, தொலைக்காட்சி ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டன. கேர்ள் ஆன் தி ட்ரபீஸ், டாக்டர் கீலும் அவருடைய செவிலியர் கேரல் வில்சனும் துப்பறியும் கதை. அதிலும் ஸ்டீட் இல்லை. ஆகவே முதல் பருவ ஸ்டீட்டைக் காண ஒரே ஓர் அத்தியாயமே இருந்தது.

டனல் ஆஃப் ஃபியர் என்ற அத்தியாயத்தின் படச்சுருள், பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தேடி மீட்கும் கெலைடோஸ்கோப் அமைப்பின் முயற்சியால் 2016இல் கிடைத்தது. இதில் கீல், ஸ்டீட் இருவரும் வருகின்றனர். ஸ்டுடியோகனால் நிறுவனம் 2018இல் இதைத் தனி டிவிடியாக வெளியிட்டது. எஞ்சிய 22 அத்தியாயங்களின் நகல் எதுவும் கிடைக்கவில்லை.

வீடியோ கேசட்டுகள்

தொடரின் உரிமை பல நிறுவனங்களின் கைமாறி வந்துள்ளது. 1990களில் லூமியர் நிறுவனம் பிரித்தானியாவில் வீடியோ கேசட்டுகளை வெளியிட்டது. அமெரிக்காவில் 1990களின் இறுதியில் ஏ அண்ட் ஈ நிறுவனம் கேசட்டுகளையும் டிவிடிகளையும் வெளியிடத் தொடங்கியது. அமெரிக்கர்களுக்கு நன்கு அறிமுகமான எம்மா பீல் (டயானா ரிக்) அத்தியாயங்கள் அங்கு முதலில் வந்தன. ஸ்டீட்டின் முந்தைய துணையான கேத்தி கேல் (ஹானர் பிளாக்மன்) வரும் அத்தியாயங்கள் பின்னரே வெளியாயின.

இவ்வெளியீடுகள் பார்வையாளர்களுக்கு முன்பு கிடைக்காத சிலவற்றைத் தந்தன. எ டச் ஆஃப் பிரிம்ஸ்டோன் என்ற அத்தியாயத்தை, அதன் காட்சிகள் ஒளிபரப்புக்கு ஏற்றவை அல்ல எனக் கருதி, அமெரிக்க ஏபிசி வலையமைப்பு தன் முதல் ஒளிபரப்பில் சேர்க்கவில்லை (தொடரைத் தயாரித்த பிரித்தானிய ஏபிசி வேறு நிறுவனம்). அமெரிக்கப் பார்வையாளர்கள் பின்னாளில் அதை வீட்டிலேயே காண முடிந்தது. பிரித்தானியாவில் ஐடிவியின் வண்ண ஒளிபரப்பு 1969 நவம்பரில்தான் தொடங்கியது. எனவே அமெரிக்கச் சந்தைக்காக வண்ணத்தில் எடுக்கப்பட்ட ஐந்தாம், ஆறாம் பருவங்களை, தொடர் பிறந்த நாட்டினரே முதலில் கறுப்பு வெள்ளையில் பார்த்தனர்.

டிவிடி தொகுப்புகள்

பிரித்தானியாவில் 2000களின் தொடக்கத்தில் கன்டெண்டர் நிறுவனம் டிவிடிகளை வெளியிட்டது. பின்னர் ஸ்டுடியோகனாலின் பிரித்தானியக் கிளையான ஆப்டிமம், 2009–2010 ஆண்டுகளில் பருவம் வாரியாகச் சீரமைக்கப்பட்ட தொகுப்புகளைக் கொண்டு வந்தது. சில அத்தியாயங்களுக்கு, தொடரில் பணியாற்றியவர்களின் கருத்துரை ஒலித்தடமாகச் சேர்க்கப்பட்டது.

தொலைந்த அத்தியாயங்கள் சிலவற்றின் மறுவாக்கங்களும் இத்தொகுப்புகளில் இடம்பெற்றன. ஜான் குரா என்ற ஒளிப்படக் கலைஞர், ஒளிபரப்பின்போது தொலைக்காட்சித் திரையை நேரடியாகப் படம் எடுத்து, அப்படங்களை நிகழ்ச்சிகளில் பங்கேற்றவர்களுக்கு விற்று வந்தார். டெலிஸ்னாப் எனப்பட்ட அந்தச் சிறு படங்களை வரிசைப்படுத்தி, கதையைக் குரலில் விவரித்து இந்த மறுவாக்கங்கள் உருவாக்கப்பட்டன. அசையும் காட்சிகளுக்கு இவை ஈடாகா. எனினும் கதையின் போக்கையும் நடிகர்களின் தோற்றத்தையும் அரங்க அமைப்பையும் அறிய இவை உதவுகின்றன.

பிரான்சில் இத்தொடர் 'வட்டத் தொப்பியும் தோல் காலணிகளும்' என்றும், ஜெர்மனியில் 'குடையோடும் வசீகரத்தோடும் வட்டத் தொப்பியோடும்' என்றும் பொருள்படும் பெயர்களில் அறியப்படுகிறது. அந்நாடுகளில் அப்பெயர்களிலேயே தொகுப்புகள் வெளியாயின.

புளூ-ரே வெளியீடுகள்

35 மி.மீ. படச்சுருளில் உள்ள நுண்விவரங்கள் பழைய தொலைக்காட்சிப் பெட்டியால் காட்ட முடிந்ததை விடப் பன்மடங்கு அதிகம். ஆகவே நான்காம் பருவம் முதலான 83 அத்தியாயங்களையும் உயர் தெளிவுக்கு மாற்ற இயலும். 2010களின் நடுப்பகுதியில் ஸ்டுடியோகனால் எம்மா பீல் அத்தியாயங்களைப் புளூ-ரேயில் வெளியிட்டது. ஆஸ்திரேலியாவின் இம்ப்ரிண்ட் நிறுவனமும் புளூ-ரே தொகுப்புகளை வெளியிட்டுள்ளது.

இரண்டாம், மூன்றாம் பருவங்களின் நிலை வேறு. அவை 405 வரிகள் கொண்ட பழைய ஒளிபரப்பு முறைக்காகக் காணொளி நாடாவில் பதிவானவை. எஞ்சியிருப்பவையோ அவற்றின் படச்சுருள் நகல்கள். தூசி, கீறல், ஒளி ஏற்ற இறக்கம் ஆகியவற்றைச் சீரமைப்பில் நீக்கலாம். முதலில் பதிவாகாத விவரங்களை உண்மையாக மீட்க இயலாது. அக்காலத்தில் காணொளி நாடாவை வெட்டி ஒட்டுவது கடினமாக இருந்ததால், காட்சிகள் பெரும்பாலும் நேரலை போலவே தொடர்ச்சியாக நடிக்கப்பட்டன. நடிகர்களின் தடுமாற்றங்களும் கேமரா அசைவுகளும் வெளியீடுகளில் அப்படியே உள்ளன.

ஒலி வடிவ மறுவாக்கம்

பிக் ஃபினிஷ் நிறுவனம் 2014 முதல், முதல் பருவக் கதைகளை ஒலி நாடகங்களாக மறுவாக்கம் செய்து வெளியிட்டது. ஸ்டீட்டாக ஜூலியன் வாதமும் கீலாக ஆண்டனி ஹவலும் குரல் கொடுத்தனர். இவை மூலப் பதிவுகள் அல்ல. புதிய நடிகர்களைக் கொண்டு புதிதாகத் தயாரிக்கப்பட்டவை. ஹாட் ஸ்னோவில் ஸ்டீட் முதன்முதலாகக் கீலைச் சந்திக்கும் கதை முழுமையாகக் கேட்கக் கிடைப்பது இவ்வடிவில்தான்.