உங்களுக்குத் தெரியுமா? மரம் நடும் கட்டளை

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் செம்பனையை முக்கோண முறையில், 9 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்குச் சுமார் 143 மரம் நிற்கும். இந்த நிரையைக் கணினித் திரையிலும் நடலாம்!

டிம் ஸ்வீனி 1991-இல் வெளியிட்ட ‘இசட் இசட் டி’ விளையாட்டு ஆக்கக் கருவியில், ‘#புட் நார்த் ஃபாரஸ்ட்’ என்று எழுதினால், கட்டளையைத் தாங்கிய பாத்திரத்தின் நேர் வடக்குக் கட்டத்தில் மரம் முளைக்கும். பக்கத்துக் கட்டம் மட்டுமே எட்டும். அடுத்ததற்கு நகர்ந்தே ஆகவேண்டும். பலகை 60-க்கு 25 கட்டம். ஒன்றுவிட்ட வரிசைகளை ஒரு கட்டம் தள்ளி நட்டால் முக்கோணம் அமையும். தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் நிரலாக்கம் தொடங்க அருமையான பயிற்சி இது. ஒன்று கவனிக்க: ஆட்டக்காரர் மரத்துக்குள் நடந்தால் அது அழிந்து பாதையாகிவிடும், மீண்டும் நட வேண்டியதுதான்.