ஈர மரத்தில் எழுந்த மாளிகை

இங்கிலாந்தின் செஷயர் வட்டாரத்தில், காங்கிள்டன் ஊருக்குத் தென்மேற்கே, அகழி சூழ நிற்கிறது லிட்டில் மோர்ட்டன் ஹால். தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தால் ஒரு சுவராவது நேராகத் தேறுமா என்பது சந்தேகம். ஆனாலும் ஐந்நூறு ஆண்டுகளாக நிற்கிறது.

1500களின் தொடக்கத்தில் மோர்ட்டன் குடும்பம் கட்டத் தொடங்கி, நூறாண்டு அளவில் பகுதி பகுதியாக வளர்த்த வீடு இது. 1558இல் முதலாம் எலிசபெத் அரியணை ஏறினார். மறு ஆண்டு, முற்றத்துப் பக்கம் பெரிய ஜன்னல் மாடங்கள் எழுந்தன. அவற்றைச் செய்த தச்சர் ரிச்சர்ட் டேலின் பெயர், வீட்டுக்காரர் பெயரோடு மரத்திலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. இந்த வீட்டில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

அக்காலத் தச்சர்கள் ஓக் மரத்தை ஈரம் காயும் முன்பே இழைத்தார்கள். காய்ந்துவிட்டால் உளி எளிதில் இறங்காது. ஒரு சட்டத்தின் நுனியைக் கழுந்தாகச் செதுக்கி, மற்றதில் வெட்டிய துளைக்குள் செருகுவார்கள். இரண்டிலும் குறுக்கே ஓட்டை போடுவார்கள். ஆனால் ஓட்டைகள் நேருக்கு நேர் அமையாமல் மயிரிழை விலகியிருக்கும். அதில் ஓக் முளையை அடித்து இறக்கும்போது கழுந்து உள்ளே இழுபட்டு இறுகும். மரம் காயக் காயச் சுருங்கும், முறுகும்; ஆனாலும் முளை பிடியை விடாது. இரும்பாணி இதற்கு ஒத்துவராது. ஓக்கின் துவர்ப்புச் சத்து இரும்பை அரித்துவிடும்.

சட்டங்களைத் தரையில் கோத்துப் பார்த்து, மூட்டுக்கு மூட்டு அடையாளம் வெட்டி, பிரித்தெடுத்து, பிறகே மனையில் நிறுத்துவார்கள். இடைவெளியில் குச்சிகளைப் பின்னி, வைக்கோலும் சாணமும் கலந்த களிமண்ணை அப்பி, சுண்ணாம்பு பூசுவார்கள். பாரம் முழுவதும் மரச்சட்டத்தின் மேல்தான். சுவர் வெறும் திரை.

கோணலுக்குப் பெரிய காரணம் உச்சியில் இருக்கிறது. கட்டுமானத்தின் நடுவே, 68 அடி நீளக் கூடம் ஒன்றை மேல்தளமாக ஏற்றினார்கள். அதன் கூரையோ கனமான கற்பலகைகளால் ஆனது. அந்தப் பளுவைச் சுமந்து கீழ்த்தளங்கள் வளைந்தன. இன்று எஃகுக் கம்பிகள் கூடத்தை இழுத்துப் பிடித்திருக்கின்றன.

வளைந்ததை நிமிர்த்திவிடலாமே என்று தோன்றும். கூடாது. வளைந்தபடியே காய்ந்து இறுகிய மூட்டுகளை வலிந்து நிமிர்த்தினால் கழுந்துகள் முறியும். மேலும் நகராமல் தாங்கிப் பிடிப்பதே சரியான வைத்தியம். உளுத்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதே அளவுக்குப் புது ஓக்கை ஒட்டுமூட்டுப் போட்டு இணைப்பார்கள். பழைய வீடுகளுக்கு மிகப் பெரிய கேடு செய்தது சிமென்ட்தான். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அதை மரத்தோடு அடைத்துவைத்து உளுக்கவைக்கும்.

1938இல் வீடு, பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் வந்தது. 1976இல், பிற்காலத்தில் அடித்திருந்த மரப்பலகைகளுக்குப் பின்னால் எலிசபெத் காலத்துச் சுவரோவியங்கள் வெளிப்பட்டன. பைபிளின் சூசன்னா கதையைச் சொல்பவை அவை. பழையதைப் பிய்த்தெறியும் முன் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டியது இதற்காகத்தான்.

பார்வையாளர்களைக் கவரும் கருப்பு வெள்ளைத் தோற்றம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் ரசனை. முன்பு ஓக் பூச்சில்லாமல் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வெளுத்திருக்கும். சுவர் காவி மஞ்சளாக இருந்திருக்கும். அந்தக் கருப்பை மணல் பீய்ச்சி அகற்றுவதை நான் ஏற்கமாட்டேன். பூச்சோடு சேர்ந்து தச்சரின் உளித்தடமும் போய்விடும்.