கீல்வாதம்: வலி அடங்கினும் நோய் அடங்குவதில்லை

இரவு நலமாகப் படுத்தவர் நள்ளிரவில் காற்பெருவிரலில் நெருப்புப் பட்டாற் போன்ற வலியோடு விழிக்கிறார். விரலின் அடிமூட்டு சிவந்து, வீங்கிப் பளபளக்கிறது. போர்வை உராய்வதும் பொறுக்க முடிவதில்லை. விடிந்தபின் குழித்தறியில் இறங்கி மிதியை அழுத்தவோ, வரப்பின்மேல் நடந்து நீர் பாய்ச்சவோ அவரால் இயலாது. ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ வலி தானே அடங்குகிறது. நோய் போயிற்று என்று அவரும் அதனை மறந்து விடுகிறார். பிழை நேர்வது இங்கேதான். மூட்டுநோய் பலவற்றையும் நாம் கீல்வாதம் என்றே வழங்குகிறோம். அவற்றுள் 'கௌட்' என்று டாக்டர்கள் குறிப்பிடும் இவ்வகை, வலி இல்லாத நாட்களிலும் உள்ளே வளர்வதாகும்.

கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களாகிய நாம் வரவு செலவுக் கணக்கை நன்கறிவோம். உடலிலும் அத்தகைய கணக்கு ஒன்று நடைபெறுகிறது. உடலின் அணுக்கள் அழிந்து புதுப்பிக்கப்படும்போதும், சில உணவுகள் செரிக்கும்போதும் பியூரின் என்னும் பொருள் சிதைந்து யூரிக் அமிலம் உண்டாகிறது. இது வரவு. இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகங்களும் எஞ்சியதைக் குடலும் வெளியேற்றுகின்றன. இது செலவு. செலவு குன்றினால் இருப்பு ஏறும். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் இந்த அமிலம் சுமார் 6.8 மில்லிகிராமைக் கடந்தால், கரையாது ஊசி போன்ற படிகங்களாக மூட்டுகளில் படியத் தொடங்கும். உடலின் காவல் அணுக்கள் அப்படிகங்களை எதிர்ப்பதே நாம் உணரும் வலியும் வீக்கமும் ஆகும்.

இதனைப் 'பணக்காரர் நோய்' என்று முற்காலத்தார் ஏளனம் செய்தனர். அஃது உண்மையன்று. நோயுற்றோரில் பெரும்பாலோர்க்குச் சிறுநீரகம் அமிலத்தைப் போதிய அளவு வெளியேற்றாமையே முதற் காரணம். அது குடும்ப வழியாகவும் வருவதுண்டு. ஆகையால் நோயுற்றவர் நாணி மறைக்க வேண்டுவதில்லை. ஆடவர்க்கு நடுவயதிலும், பெண்டிர்க்கு மாதவிலக்கு நின்றபின்னரும் இது மிகுதியாகத் தோன்றுகிறது.

வலி கண்ட நாளில் காலை உயர்த்தி வைத்து ஓய்வு கொள்க. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி இடையிடையே ஒற்றுக. எண்ணெய் தேய்த்து உருவுவதும், சூட்டு ஒத்தடம் கொடுப்பதும் வேதனையை மிகுவிக்கக் கூடும். கடுங்காய்ச்சலும் உடன் வந்தால் மூட்டில் கிருமி புகுந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவோர் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக் கொள்கின்றனர். அமிலத்தை வெளியேற்ற வேண்டிய உறுப்பையே கெடுத்தால் நோய் எவ்வாறு தணியும்?

இந்நோய்க்குப் பயன்படும் கால்சிசின் என்னும் மருந்து நம் வயல்களுக்கும் உறவுடையது. திண்டுக்கல், திருப்பூர், கரூர்ப் பகுதிகளில் பயிராகும் கண்வலிக்கிழங்கு என்னும் செங்காந்தளில் இச்சத்து உண்டு. அதன் விதைகள் இதற்காகவே விலை போகின்றன. அதனால் அன்பர்கள் எவரும் அதன் கிழங்கையோ விதையையோ அரைத்து உண்ணத் துணியலாகாது. வேகவைத்தாலும் அதன் நஞ்சு நீங்காது, உயிருக்கே இறுதியாகும். அளவிட்டுச் செய்த மாத்திரையும் டாக்டர் குறித்த அளவிலேயே உண்ணத்தக்கது.

இனி உணவு. ஈரல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றை விலக்குக. ஆட்டிறைச்சி, மத்தி, நெத்திலி, இறால் ஆகியவற்றைக் குறைத்துக் கொள்க. மது எதுவாயினும் தீது. பீர் மிகத் தீது. சர்க்கரை கலந்த புட்டிப் பானங்களும் அமிலத்தைப் பெருக்கும். பருப்பையும் கீரையையும் அஞ்சி விலக்குவோர் பலர். அவற்றால் இந்நோய் மிகுவதாக ஆராய்ச்சிகளில் காணப்படவில்லை. மோரும் பாலும் நன்மை தருவன. இதயமோ சிறுநீரகமோ கெட்டிராதவர் நாள்தோறும் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் நீர் அருந்துக. பருமனானவர் சிறிது சிறிதாக எடையைக் குறைக்க வேண்டும். கடும் பட்டினி வலியை வரவழைக்கும்.

ஆயினும் உணவுக் கட்டுப்பாடு ஒன்றே பெரும்பாலோர்க்குப் போதாது. வலி ஆண்டில் இருமுறையோ அதற்கு மேலோ வருபவர்க்கும், மூட்டருகே சுண்ணாம்புக் கட்டி போன்ற முடிச்சுகள் தோன்றியவர்க்கும் அமிலத்தைக் குறைக்கும் மருந்து நாள்தோறும் வேண்டும். 1966-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற அல்லோபியூரினால் இவற்றுள் முதன்மையானது. இதனை உருவாக்கிய கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் 1988-இல் நோபல் பரிசு பெற்றவர்கள். இதனைச் சிற்றளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவர். அமிலம் 6 மில்லிகிராமுக்குக் கீழ் நிற்பதே இலக்கு. தொடக்க மாதங்களில் பழைய படிகங்கள் கரைவதால் வலி மீண்டும் வரலாம். மருந்து பயனற்றது என்று அப்போது நிறுத்திவிடுதல் தவறு. ஆனால் தோலில் தடிப்போ கொப்புளமோ கண்டால் உடனே நிறுத்தி டாக்டரை அணுக வேண்டும். இரத்த அழுத்தத்திற்காகச் சிலர் உண்ணும் நீர்போக்கி மாத்திரைகள் அமிலத்தை உயர்த்துவன. அவற்றைத் தாமே விடாமல் டாக்டரிடம் கூறி மாற்றம் கேட்க வேண்டும்.

வலி மிகுந்த வேளையில் எடுத்த இரத்தச் சோதனை சிலபோது சரியான அளவையே காட்டும். ஆதலால் வலி தணிந்து இரண்டு வாரம் சென்றபின் மீண்டும் சோதிப்பது நலம். வலியே வராதவர் அமிலம் சற்று உயர்ந்திருப்பதற்காக மட்டும் மருந்துண்ண வேண்டியதில்லை.

சங்கக் கடனில் ஒரு தவணை கட்டியவுடன் கணக்குத் தீர்ந்ததென்று எவரும் கருதுவதில்லை. வலி நின்றதும் அவ்வாறே. உள்ளே நிலுவை இருக்கிறது. வலி வந்த நாள், அமில அளவு, உண்ணும் மருந்து ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். டாக்டரிடம் செல்லும்போது அதனைக் கொண்டு செல்லுங்கள். நிலுவை முற்றும் கரைய ஆண்டுகள் சில ஆகலாம். ஆனால் கரையும் என்பது உறுதி. மிதியை அழுத்தும் காலும் வரப்பில் நடக்கும் காலும் நம் குடும்பத்தின் முதலீடு. அதனைப் பேணுதல் நம் கடமை.